தோல் கிடங்கும் வெள்ளிக் கோப்பையும்

பதுளை பஸாரில் சைக்கிள் கடை வைத்திருந்த இத்ரூஸுக்கு அந்த மார்கழியில் பெரிய மனிதர்களைக் கண்டாலே குமட்டியது. மழையைக்கூட அவன் மன்னித்துவிட்டான். மழை யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, இல்லை என்று சொல்வதில்லை.

மேல்கந்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தையே மூடிவிட்டது. அந்த லயத்துப் பையன்கள்தான் தோட்டத்தின் கரப்பந்து அணி. ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அவர்களைப் பழக்கியவன் இத்ரூஸ். மழை சற்று விட்டிருந்த அந்த மாலையில் திடலில் பந்தாடப் போனதால் பையன்கள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள் தப்பவில்லை. அணித்தலைவன் நல்லையாவின் அம்மா பாக்கியலெட்சுமியை மண்ணுக்குள்ளிருந்து எடுக்கக்கூட முடியவில்லை.

மிஞ்சிய பெண்களையும் பிள்ளைகளையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். வாலிபப் பையன்களுக்கு அங்கே இடமில்லை என்று துரை கைவிரித்தார். இத்ரூஸ் அவர்களைத் தன் கடைக்குக் கூட்டிவந்து சைக்கிள்களுக்கு நடுவில் படுக்க வைத்தான். மனைவி றஷீனா சோறாக்கிப் போட்டாள். கட்டடத்துச் சொந்தக்காரனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "இது கடையா, சத்திரமா? இவனுகள வெளிய அனுப்பு, இல்லாட்டி நீ வெளிய போ" என்று தெருவே கேட்கக் கத்தினான். இத்ரூஸ் பையன்களைப் பாயைச் சுருட்டச் சொன்னான். வேறு இடம் தேடப் புறப்பட்டான்.

இத்ரூஸை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நல்லையா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.

"நானா, நாங்க எங்கயாவது சுருண்டுக்குவோம். அம்மாவுக்கு ஒரு வெளக்கேத்தி, ஒரு செம்புத் தண்ணி வைக்கணும். கருமாதி வரைக்கும் வெளக்கு அணையக் கூடாது. அதுக்கு ஒரு மூலை வேணும்."

செத்தவர்கள் தாகத்தோடு வீடு தேடி வருவார்களாம். வீடும் மண்ணோடு போன பிறகு பாக்கியலெட்சுமி எந்த வாசலைத் தேடுவாள்?

கோயில் மடம் பூட்டிக் கிடந்தது. நல்ல ஓட்டுக்கூரை, சிமெந்துத் தரை, பின்னால் கிணறு. கோயில் தலைவர் நடேசபிள்ளை முதலாளி தேத்தண்ணி வரவழைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், பச்சப் புள்ளைங்க. ஆனா எழவுத் தீட்டு இருக்கே இத்ரூஸ். கருமாதி முடியாம மடத்துக்குள்ள விட்டா ஊரு என்னைச் சும்மா விடுமா? முடியட்டும், பாக்கலாம்."

கருமாதி முடிந்த பிறகு விளக்குக்கு இடம் எதற்கு? தேத்தண்ணியைத் தொடாமலே இத்ரூஸ் எழுந்து வந்தான்.

அடுத்தது தோல் வியாபாரி அலவி ஹாஜியார். அவருடைய பெரிய வீட்டின் முன்பகுதி முழுவதும் ஆளில்லாமல் கிடந்தது. அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

"ஆத்தங்கரையில நம்மட தோல் கிடங்கு ஈக்கி. பாதி காலிதான். பொடியன்மாரக் கொண்டு போய் வெய்யி. என்ட பேர சட்டையில அடிச்சிக்கிட்டாப் போதும்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பல்லும் இல்லை, மாடும் இல்லை. உப்புப் போட்டு அடுக்கிய மாட்டுத்தோல்தான் கூரைவரை இருந்தது. அடியில் மஞ்சள் நீர் கசிந்து ஓடியது. அதில் புழு நெளிந்தது. ஈக்கள் சோற்றிலும் கண்ணிலும் மொய்த்தன. முதல் நாளே பையன்களில் இராமையா வாந்தி எடுத்தான். நல்லையா விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தான். பிறகு ஏற்றாமலே துணியில் சுற்றி வைத்துவிட்டான்.

"மாட்டுத்தோலு நடுவுல எங்கம்மாவக் கூப்புடச் சொல்றீங்களா நானா?"

இத்ரூஸுக்குத் தன் நகரத்தின் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. உண்மையிலேயே ஆற்றில் துப்பினான்.

கருமாதிக்கு முன்னமே மாவட்ட இறுதிப் போட்டி வந்தது. வேண்டாம் என்றுதான் இத்ரூஸ் சொன்னான். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பையன்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். எவ்வளவு குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை. மைதானத்தில் இறங்கியதுமே எதிரணிக்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "தோல் வந்திருச்சு டோய்!" என்று கூட்டத்தில் எவனோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். வலையருகே வந்து தடுக்க வேண்டியவர்கள் இரண்டடி தள்ளியே நின்றார்கள். நல்லையா எம்பி எம்பி அடித்தான். சிரித்தவர்களின் வாயை ஒவ்வொரு அடியும் மூடியது. வெள்ளிக் கோப்பை மேல்கந்தைக்குக் கிடைத்தது.

கிடைத்ததுதான் தாமதம், நடேசபிள்ளை மாலையோடு வந்துவிட்டார். பின்னால் மேளக்காரர்கள். மறுபக்கத்திலிருந்து அலவி ஹாஜியார் படம் பிடிப்பவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"நம்ம சனத்துப் புள்ளைங்க ஜெயிச்சது! கோப்பைய மடத்துல வச்சு நான் பாத்துக்கறேன்" என்றார் பிள்ளை.

"அதென்ன பேச்சு? சட்டையில ஈக்கிற பேரப் பாருங்க. என்ட கடையில கண்ணாடி அலுமாரி செஞ்சாச்சி" என்றார் ஹாஜியார்.

பையன்களுக்கு ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காத இடம் கோப்பைக்கு ஒரு நொடியில் இரண்டு கிடைத்துவிட்டது. நல்லையா கோப்பையைக் கொடுக்கவில்லை.

"நான் தொட்ட கோப்பைங்க. எழவுத் தீட்டு ஒட்டியிருக்குமேங்க ஐயா?"

"அட, வெள்ளிக்கு ஏதுப்பா தீட்டு? புளி போட்டு வெளக்கிட்டாப் போச்சு."

"எங்களையும் புளி போட்டு வெளக்கி உள்ள விட்டிருக்கலாமேங்க."

பிள்ளையின் முகம் கறுத்தது. நல்லையா கோப்பையோடு திரும்பி நடந்தான். குழாயடிக்குப் போய்க் கோப்பை நிறையத் தண்ணீர் பிடித்தான். வலைக்கம்பத்தின் அடியில் அதை வைத்தான். துணியில் சுற்றிப் பையில் கொண்டுவந்திருந்த விளக்கை எடுத்து, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் எண்ணெய் வாங்கி, கோப்பைக்கு முன்னால் ஏற்றினான். "அம்மா, தண்ணி வச்சிருக்கேம்மா, வந்து குடி" என்று கும்பிட்டு அழுதான். அவ்வளவு நாளும் அவன் அழுது இத்ரூஸ் பார்த்ததில்லை. மற்றப் பையன்களும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொருவர் மண்ணுக்குள் இருந்தார்கள்.

"சீ! நல்ல கோப்பைய எழவுச் செம்பாக்கிட்டானே!" என்று பிள்ளை மாலையோடு பின்வாங்கினார். இதை இனிக் கடையில் வைக்க ஏலாது என்று முணுமுணுத்துக்கொண்டு ஹாஜியாரும் நழுவினார். மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

காற்று எழுந்தது. நல்லையா விளக்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இதை அணையாம எங்க நானா வைப்பேன்?"

அந்தக் கேள்வியில் இத்ரூஸுக்குக் கடைசியாகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஊரைப் பார்த்துத் துப்பினானே தவிர, கட்டடத்துச் சொந்தக்காரன் கத்தியதும் பெட்டிப்பாம்பாய் அடங்கியவன் அவனும்தான். இடுப்பிலிருந்து கடைச் சாவியை உருவினான்.

"தூக்கு. நம்மட கடையில வெய்யி. நீங்களும் வாங்க, எல்லாரும்."

"சொந்தக்காரரு வந்தா?"

"வரட்டும். அவனுக்கும் மூக்கு ஈக்கிதானே, பொத்திக்கிட்டு நிக்கட்டும்."

இராமையா விளக்கை ஏந்தி, காற்றை மறைத்தபடி நடந்தான். தண்ணீர் தளும்பாமல் நல்லையா கோப்பையை ஏந்திக்கொண்டு பின்னால் வந்தான். பஸாரில் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள்.