எறும்புப் பக்கத்தின் ஒரே வாசகர்

காணாமல்போன பக்கங்களைக் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. நூலகத்தின் இணையதளம் புது சர்வருக்கு மாறியபோது பழைய பக்கங்களில் பாதி வழியிலேயே தொலைந்துபோயின. வீடு மாற்றும்போது பாத்திர மூட்டை ஒன்று லாரியோடு போய்விடுமே, அது மாதிரி. கேட்டு வருகிறவர்களை சர்வர் 404 என்று சொல்லி அனுப்பிவிடும். நீ கேட்டது இங்கே இல்லை, எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியாது என்று பொருள். ஒரு நூலகம் சொல்லக்கூடிய பதிலா இது?

எனக்கு மாடியில், படிக்கட்டை ஒட்டி ஓர் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். இரண்டாவதில் என் கைப்பை உட்கார்ந்திருக்கும். காலையில் வாசல் காவலாளிக்கு ஒரு தலையசைப்பு, மாலையில் இன்னொன்று. பல நாள் அதோடு சரி. வீட்டிலும் பேச ஆள் கிடையாது. எங்கோ தொலைவில் இருக்கும் தம்பி ஞாயிறுதோறும் கூப்பிடுவான். என் முதல் வார்த்தை தொண்டையில் சிக்கிக் கரகரவென்று வரும். "சளியாக்கா?" என்பான். "ஆமாண்டா" என்பேன்.

மேலாளருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் பூஜ்யம். அவர் கேட்பது அது ஒன்றைத்தான்.

"மேடம், ரிப்போர்ட்ல பிழைங்கிற இடத்துல பூஜ்யம் வரணும்."

"ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு சரி பண்ணிட்டிருக்கேன் சார்."

"எதுக்கு மெனக்கெடறீங்க? இல்லாத பக்கத்த யார் கேட்டாலும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விட்டுடுங்க. பிழையே காட்டாது."

காட்டாதுதான். பல்வலி என்று வந்தவனை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று எழுதிக்கொள்கிற வைத்தியம் அது. வந்தவர் முகப்பைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். பக்கம் இடம் மாறியிருந்தால் 301 போட்டுப் புது முகவரியைச் சொல்ல வேண்டும். ஒரேயடியாக எடுத்துவிட்டோம் என்றால் 410 போட்டு, இருந்தது, இனி வராது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மனிதர்களும் இப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சில வருடங்கள் மிச்சமாகியிருக்கும்.

அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனபோதுதான் அந்த வாசகர் கண்ணில் பட்டார். யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று சர்வர் வரிவரியாக எழுதி வைத்திருக்கும். தினமும் பதினொரு மணி வாக்கில் ஒருவர் ஒரே பக்கத்தைக் கேட்கிறார். 404 வாங்கிக்கொண்டு போகிறார். மறுநாள் மறுபடி வருகிறார். எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அது என் பக்கம்.

ரொம்ப நாளைக்கு முன்பு, பார்வை குறைந்தவர்களுக்காக ஊழியர்கள் ஆளுக்கொன்று வாசித்துப் பதிவு செய்தோம். நல்ல நல்ல கதைகளை மற்றவர்கள் அள்ளிக்கொள்ள, எனக்கு மிஞ்சியது எறும்புகளைப் பற்றிய ஒரு கட்டுரை. பாதியில் தும்மிவிட்டேன். இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்றதற்கு, "பரவால்ல விடுங்க, யாரு கேக்கப் போறா" என்றார்கள்.

இதோ, ஒருவர் கேட்கிறார்!

இயந்திரமாக இருக்குமோ என்று சந்தேகப்படாமல் இல்லை. தேடுபொறிகள் அனுப்பும் நிரல்கள் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வரும். இவர் எல்லோரையும் போல பிரவுசரில் வருவதாகத் தெரிந்தது. இயந்திரமென்றால் மணி பிசகாது. இவரோ ஒருநாள் கொஞ்சம் முன்னால், ஒருநாள் கொஞ்சம் பின்னால். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வி வந்தது எங்கள் கட்டடத்தின் இணைய முகவரியிலிருந்து. கீழே வாசிப்புக்கூடத்தில் இருக்கும் கணினிகள் எல்லாம் அந்த ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே போகும். அப்படியானால், என் குரலைத் தேடி வருகிறவர் என் கால்களுக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது நான் வேண்டியிருக்கிறேனா என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

பழைய வட்டுகளையெல்லாம் கிளறிப் பதிவைக் கண்டெடுத்தேன். பக்கத்தைப் புது இடத்தில் ஏற்றி, பழைய முகவரிக்கு 301 போட்டேன். மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். 301 அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது. அடுத்த வரியில் 200. எல்லாம் நலம், இந்தா எடுத்துக்கொள் என்று அர்த்தம். ஆனால் பக்கத்தைத் திறந்தவர் ஒலிக்கோப்பைக் கேட்கவில்லை. பாவம், எதை அழுத்துவது என்று தெரியவில்லை போலும். பொத்தானைப் பெரிதாக்கினேன். அடுத்த நாளும் கேட்கவில்லை. அதைப் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோய்ச் சிவப்பாக்கினேன். அப்போதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன்.

"கீழதானே இருக்காரு? எறங்கிப் போய்ப் பாரேன்க்கா" என்றான்.

போனேன். வயர்களைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு தூணோரம் நின்றேன். பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பதினொரு மணி தாண்டியதும் தானாகச் சிரித்தார். பதிவில் என் தும்மல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்கு ஓடிவந்து பார்த்தால், பக்கம் மட்டும்தான் போயிருந்தது. ஒலிக்கோப்பை யாரும் தொடவில்லை. சர்வர் எழுத மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் தெரிந்த எவளும் அப்படிச் சொல்லமாட்டாள். நாளைக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் வாசிப்புக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. கணினிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பதினொரு மணிக்கு அவர் வந்தார். 301, 200.

ஆள் இல்லாத இடத்திலிருந்து வந்தவரைத் தேடிக்கொண்டு, வயரைப் பிடித்தபடியே போனேன். அது படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் போய் முடிந்தது. உள்ளே ஒரு பழைய கணினி, தூசி மூடி, உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் "அணைக்க வேண்டாம்" என்று இருந்தது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டவரின் கையெழுத்து. திரையை மாட்டிப் பார்த்தேன். அதன் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு தடவை ஒரு பக்கத்தைக் கேட்க வேண்டும், சரியான பதில் வராவிட்டால் அவருடைய பழைய அலுவலக மெயிலுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"அடடே, அது இன்னும் ஓடுதா மேடம்? சர்வர் உயிரோட இருக்கான்னு பாக்க வச்சது. பிரவுசர் மாதிரி வேஷம் போட்டு அனுப்பினேன், இல்லேன்னா உள்ளயே விடாது."

"அத்தனை பக்கம் இருக்கறப்ப, இத ஏன் எடுத்தீங்க?"

"வருகைக் கணக்கு கெட்டுடக் கூடாது பாருங்க. அதனால யாருமே தொறக்காத பக்கமா தேடினேன். இங்கதான் ஒரு ஈ காக்கா கூட வந்ததில்ல." சிரித்தார். "ஆமா, அதுல என்னதான் இருக்கு? நான் தொறந்தே பாத்ததில்ல."

"எறும்பப் பத்தி யாரோ பேசியிருக்காங்க."

"அணைச்சுடுங்க மேடம். சும்மா கரண்ட் தண்டம்."

"சரிங்க" என்றேன். அணைக்கவில்லை.

அந்த ஞாயிறு தம்பி கேட்டான். "அந்த ஆளப் பாத்தியாக்கா?"

"அவரு கீழ இல்லடா."

"சரி, லிங்க் அனுப்பு. நான் கேக்கறேன்."

அனுப்பினேன். வாரம் முழுக்க, வேலை தொடங்கும் முன்பே சர்வரின் வரிகளைத்தான் பார்த்தேன். படிக்கட்டுக்கு அடியிலிருந்து வருவதைத் தவிர வேறெதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டான்.

"கேட்டேன்க்கா! அருமையா படிச்சிருக்க. உன் குரல் அப்படியே இருக்கு."

நடுவில் தும்மினேனே, அது கேட்டுச்சா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

"சந்தோஷம்டா" என்றேன்.

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து, பழைய கணினியின் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். பக்கத்தைத் திறந்ததும் ஒலிக்கோப்பையும் கேட்கச் சொல்லும் வரி. மேலே போய், கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது நாற்காலியைக் காலியாக இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். பதினொன்றைத் தாண்டிக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பக்கத்தைக் கேட்டது, 301, 200. பிறகு ஒலிக்கோப்பு. முதலிலிருந்து கடைசிவரை, என் தும்மல் உட்பட, ஒரு துளி விடாமல் வாங்கிக்கொண்டது. 200.