முனியம்மாள் இழுத்த கோடு

சுப்பராமனுக்கு எண்ணத் தெரியும். அதற்கு மேல் அந்த மண்டையில் சரக்கு கிடையாது. இதை ஐந்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியின் தி.நகர் ஆபீஸில் அட்டைகளில் துளை போடும் மெஷின் வந்தது. அதற்கு அவர் அதிகாரி, துளை போடுகிறவள் நான். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை; பெயரும் ஊழியர் நம்பரும் அதில் துளைகளாக இருக்கும். அட்டைகள் பெட்டியில் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அதே வரிசையில் இன்னொரு மெஷின் பெயர்களை அச்சடிக்கும். அது அச்சடித்துத் தள்ளியது எதுவானாலும் மானேஜர் ராஜரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.

1973-ல் கம்பெனி ஊழியர்களுக்காக அடையாறில் பத்து வீடுகள் கட்டியது. முதலில் மனுக் கொடுத்த பத்துப் பேருக்கு வீடு என்றார்கள். மனுப் போட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஆபீஸ் பெருக்கும் முனியம்மாள் விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நின்று பத்தாவதாகக் கொடுத்தாள். வேளச்சேரி ஏரிக்கரையில் அவள் குடிசை. மழை வந்தால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும். எல்லாவற்றையும் கொடுத்த வரிசையிலேயே நான்தான் அட்டையில் ஏற்றினேன். மெஷினில் ஏறியாகிவிட்டதே என்று மனுக்களை எடைக்குப் போட்டார் சுப்பராமன்.

ஆயுத பூஜையன்று முனியம்மாள் மஞ்சள் குழைத்து, பெட்டியில் நெருக்கி நின்ற அட்டைகளின் தலைமேல் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டாள். ஈரம் பட்டால் மெஷினில் சிக்குமே என்று நான் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

ஐப்பசி மழையில் பட்டியல் அச்சாகி வந்தது. பத்தாவது பெயர் வேம்பு. சுப்பராமனின் மச்சினன். முனியம்மாள் நூற்றுத் தொண்ணூறாவது.

"இது மாறியிருக்கு சார்" என்றேன்.

"என்ன மாறியிருக்கு? அட்டை இருநூத்திப் பன்னெண்டு, எண்ணியாச்சு. எல்லார் நம்பரையும் கூட்டியும் பாத்துட்டேன், போன மாசத் தொகையே வரது. மெஷின் பொய் சொல்லுமோ?"

இரண்டு அட்டைகளை இடம் மாற்றி வைத்தால் கூட்டுத்தொகை மாறாது. மூன்றாம் வகுப்புக் கணக்கு. அது தெரிந்துதான் கூட்டிக் காட்டுகிறார், மகா புத்திசாலி! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனேன். சுப்பராமன் பின்னாலேயே ஓடி வந்தார்.

அட்டைகளின் தலைமேல் மஞ்சள் கோடு, அட்டைக்கு ஒரு பொட்டாக, சாய்வாக ஓடியது. பத்தாவது அட்டையில் அறுந்திருந்தது. அந்த அட்டையின் மஞ்சள் பொட்டு கோட்டை விட்டு எங்கோ எதிர் ஓரத்தில் கிடந்தது. நூற்றுத் தொண்ணூறிலும் அதே கதை.

"பெட்டி கீழ விழுந்துடுத்து சார். நான்தான் எடுத்து அடுக்கினேன்" என்றார் சுப்பராமன்.

"இருநூத்திப் பன்னெண்டும் விழுந்து, ரெண்டு மட்டும் இடம் மாறிச்சா? அதுல ஒண்ணு உங்க மச்சினனா?" என்றேன் நான்.

"அந்த ரெண்டையும் மாத்தி வையும்மா" என்றார் மானேஜர்.

மாற்றி வைத்தேன். கோடு மூலைக்கு மூலை முழுசாக ஓடியது. சுப்பராமன் முகத்தில் ஈயாடவில்லை. பார்க்கப் பரம சுகமாக இருந்தது.

"யாரு போட்ட கோடு இது?" என்றார் மானேஜர். நான் சொன்னதும் ஆள் அனுப்பினார்.

முனியம்மாள் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே வந்து நின்றாள். பெட்டியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான்தான் சார் இட்டேன், பூஜ அன்னிக்கு. அம்மா அப்பவே திட்டிச்சு. இன்னா பண்றது, புத்தி கெட்டுப் பூட்டேன். தோ, தொடச்சிட்றேன்."

ஈரத் தலைப்போடு பெட்டிமேல் குனிந்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"தொடைக்காதே முனியம்மா. உனக்கு வீடு வாங்கிக் கொடுத்ததே அதுதான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மானேஜர் பேனாவைத் திறந்தார். சுப்பராமன், காபி ஆறிப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு நழுவினார்.