பக்கத்து வீட்டுப் பத்திரம்

எங்கள் குடும்ப வரலாற்றைப் பெரியப்பா புத்தகமாகப் போடுகிறார். போடட்டும். ஆனால் முதல் பக்கத்திலேயே, எங்கள் வம்சத்தின் முதல் அம்மாவுக்குப் பக்கத்தில் "வேலைக்காரி" என்று போடப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அவருடைய தங்கையான என் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.

கதை இதுதான். நூற்றெழுபது வருடங்களுக்கு முன்னால் நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் வீட்டில் இருந்த ஒரு உள்ளூர்ப் பெண். அவர்களுக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை வழியில் நாங்கள். வெள்ளைக்காரரின் கண் மட்டும் நாலு தலைமுறை தாண்டி அத்தையிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பட்டப்பெயர். அதுகூடப் பரவாயில்லை. "துரை வச்சிருந்தவ வம்சம்" என்பார்களாம். ஐம்பத்தெட்டு வயதிலும் அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடுகிறது.

"தேவாலயத்துல ஞானஸ்நானப் பதிவேட்டை நானே பாத்தேன்" என்றார் பெரியப்பா. "தகப்பன், நில அளவையாளர். தாய், அவர் வீட்டு வேலைக்காரி. பாதிரியார் எழுதினதை நான் மாத்த முடியுமா?"

"பாதிரியார் என்ன, வீட்டுக்குள்ள வந்து பாத்தாராண்ணா?"

"ஆதாரம் கொண்டா, மாத்தறேன். வியாழக்கிழமை புத்தகம் வந்துடும்."

ஆதாரம் தேடும் வேலைக்கு நானே போய்த் தலையைக் கொடுத்தேன். பழைய காகிதத்தைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. இரண்டு தேவாலயங்களில் முப்பது வருடத்துத் திருமணப் பதிவுகளைப் புரட்டினேன். யார் யாருக்கோ கல்யாணம் ஆகியிருந்தது, எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஆகவில்லை. கடைசியில் நில ஆவணங்கள் வைத்திருக்கும் பதிவறை. துணியில் கட்டிய மூட்டைகள், இரும்பு அலமாரிகள். காகிதம் பறக்கும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார்கள். எங்கள் பூர்வீக மனையின் பத்திரத்தை மூன்று நாள் படித்தேன். அவர் பெயர் இருந்தது. அவளைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏம்மா, அதையே பாத்துட்டிருந்தா புதுசா எழுத்து முளைக்குமா?"

"வேற எதைக்கா பாக்கறது?"

"உன் பத்திரத்துல பக்கத்து நிலத்துக்காரன் இருப்பான். உன் ஆளுங்க அவன் பத்திரத்துலதான் இருப்பாங்க. எல்லை எழுதியிருப்பாங்கல்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். எந்தப் பத்திரத்திலும் நாலு பக்கமும் யார் இடம் என்று எழுதியிருக்கும். அந்த வரிகளை மட்டும்தான் நான் இத்தனை நாளும் தாண்டித் தாண்டிப் போயிருந்தேன்.

எங்கள் மனைக்குத் தெற்குப் பக்கத்து நிலத்தின் மூட்டையை அவிழ்த்தோம்; அதற்கு வடக்கு எல்லை எங்கள் மனைதான். அந்த நிலத்தை அளந்தவரே எங்கள் வெள்ளைக்காரர்தான். பெரியப்பா வைத்திருந்த ஞானஸ்நானப் பதிவேட்டு நகலில், தகப்பன் என்ற இடத்தில் அவர் போட்டிருந்த அதே வால் நீண்ட கையெழுத்து. கிழக்கே ஓடை. மேற்கே வண்டிப்பாதை. தெற்கே தரிசு. வடக்கே, "என் மனைவியின் தோட்டம்."

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அத்தையின் தையல் கடைக்கு ஓடினேன். வெள்ளைக்காரர் பாஷையில் இருந்ததை விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். தையல் மிஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"யாராவது கேட்டு எழுதினாராடி?"

"யாரும் கேக்கலத்தை. யாரோ ஒருத்தர் நிலத்துக்கு எல்லை எழுதறாரு. வேலையோட வேலையா, சாதாரணமா எழுதிட்டுப் போயிருக்காரு."

"சாதாரணமா" என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே கிளம்பிவிட்டாள்.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் நாலு அட்டைப்பெட்டிகள். "அச்சகத்துக்காரன் ஜென்மத்துல முதல் தடவையா ஒரு நாள் முன்னாடி குடுத்துட்டான்" என்றார். இருநூறு பிரதிகள். எல்லாவற்றிலும் வேலைக்காரி.

அத்தை என் கைபேசியை வாங்கி நீட்டினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதிவேட்டின் நகலை எடுத்து வந்து கையெழுத்தை ஒப்பிட்டார்.

"சட்டப்படி இது கல்யாணம்னு ஆகாது."

"சட்டத்தையா கேட்டேன்? கூட வாழ்ந்தவர் சொல்லியிருக்காருண்ணா."

பெரியப்பா உள்ளே போய் அடிக்கோலும் பேனாவும் கொண்டுவந்தார். முதல் பிரதியைப் பிரித்து, அந்த வார்த்தையின் மேல் கோடு போட்டார். அத்தை பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"உன் கோழிக்கிறுக்கல் வேண்டாம். நீ பக்கத்தைப் பிரிச்சுக் குடு" என்றார்.

மேலே "மனைவி" என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். அத்தை வாங்கி மூடப் போனாள்.

"மூடாதே பூனை. மை காயட்டும்."

வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளை அழைத்ததில்லை. நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துவிட்டு, அடுத்த பிரதியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.