பன்னைப் பார்த்த இளவரசர்

அரண்மனை ஆட்கள் இருவர் ஓவியத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, அதைப் பார்த்து அச்சுக்காக நான் சுரண்டிக்கொண்டிருந்த செப்புத் தகட்டில் இளவரசருக்கு எல்லாம் இருந்தது, முகம் மட்டும் இல்லை. வாள் இருந்தது, பட்டு அங்கி இருந்தது, காலடியில் சோம்பேறி நாய்கூட இருந்தது. அங்கிக்கு மேலே ஒரே இருட்டு. எங்கள் வேலையே இருட்டிலிருந்துதான் தொடங்கும். தகடு முழுவதையும் பல் வைத்த கருவியால் சொரசொரப்பாக்கி விடுவோம். அப்படியே அச்சிட்டால் தாள் கன்னங்கறுப்பாக வரும். பிறகு எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். நான் முகத்தைக் கடைசியில்தான் தொடுவேன். கை நன்றாகச் சூடு பிடித்த பிறகு தொட்டால்தான் முகம் முகமாக வரும். அந்தப் பழக்கம் இந்த முறை என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டது.

இந்த அச்சுப் படத்தை வெளியிடும் க்ரௌச் செய்தி கேட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"மகாராணிக்கு இப்பவே படம் சுவத்துல தொங்கணுமாம். நான் என்னம்மா பண்ண? இளவரசர் பிறந்தநாளைக்கு நம்ம அச்சு கடை ஜன்னல்ல இருந்தாகணும். உன்னால ஆகலன்னா சொல்லு. ஃப்ராம்ப்டன் முடிச்சுக் குடுப்பான்."

"முடிச்சா, கீழ யார் பேரு?"

"முடிக்கிறவன் பேருதான்."

அச்சுப் படத்தின் அடியில் இடது மூலை ஓவியருக்கு, வலது மூலை சுரண்டியவருக்கு. இத்தனை வருடமும் நான் செய்த தகடுகளின் வலது மூலையில் என் மைத்துனர் ஜோசையாவின் பெயர்தான் உட்கார்ந்திருந்தது. அவருக்குக் கண் மங்கி, தகடு எது தட்டு எது என்று தெரியாமல் போன பிறகும்தான். இந்தத் தகட்டில் 'சூசன்னா பைக்' என்று போடுவதாகச் சொல்லித்தான் க்ரௌச் என்னிடம் வேலையைக் கொடுத்திருந்தார். அதை ஃப்ராம்ப்டனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

"முகம் எனக்கு மனப்பாடம். நீங்க போய்ட்டு வாங்க," என்றேன்.

பச்சைப் பொய். நெற்றியும் சுருள்முடியும் நினைவில் இருந்தன. வாயும் முகவாயும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் வரவில்லை. என் கையை எனக்குத் தெரியும்.

இளவரசருக்கு எட்டு வயது. என் மகள் டோர்காஸுக்கும் எட்டு வயது. அவள் பின்னலை அவிழ்த்து, கழுத்தில் அவள் அப்பாவின் துணியைச் சுற்றி, எதிரே உட்காரவைத்தேன். அச்சில் இடவலம் மாறும் என்பதால் அவளை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே சுரண்டினேன்.

"அம்மா, கழுத்து வலிக்குது."

"ராஜா வீட்டுப் பிள்ளைங்க இப்படிச் சிணுங்காது."

"அப்ப அதையே கூப்ட்டு உட்கார வை."

தலை தொங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓர் உலர்திராட்சை பன்னை அலமாரியின் உச்சியில் வைத்தேன். முடிந்ததும் அது அவளுக்கு என்றேன். முகவாய் சட்டென்று மேலே போனது. கண்ணில் ஒரு பளபளப்பு, உதட்டில் ஓர் அலட்சியம். ஓவியத்தில் இப்படி இருந்திருக்காது என்று தெரிந்தும் என் கை நிற்கவில்லை.

என் கணவர் கிடியன் அச்சுப்பொறியிலிருந்து முதல் தாளை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா சூசன், இது நம்ம டோர்காஸ் இல்ல?"

"வாய மூடுங்க."

"மூடிட்டேன். ஆனா ராஜகுமாரனா நல்லாத்தான் இருக்கா."

மறுநாள் ஓவியர் தர்ல்பி, க்ரௌச்சுடன் வந்தார். அவர் சம்மதிக்காமல் ஒரு தாள்கூட வெளியே போகாது. படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு க்ரௌச்சிடம், தனக்கு ஒரு வாடகை வண்டி பிடித்துவரச் சொன்னார். க்ரௌச் இறங்கிப்போகும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

"இது இளவரசர் இல்ல."

நான் தலை குனியவில்லை. "இல்லைங்க," என்றேன்.

"என் படத்துல இருக்கிறதும் இளவரசர் இல்லம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வரைய அவர் உட்கார்ந்ததே ஒரு தடவை. அதுலயும் பாதி நேரம் மேசைக்கு அடியில. நெத்தியும் முடியும்தான் அவரோடது. மிச்சமெல்லாம் என் தங்கச்சி பையன்." தாளை மறுபடி பார்த்தார். "இந்த முகவாய் எங்க கெடச்சுது உங்களுக்கு?"

"அலமாரி மேல ஒரு பன் இருந்துச்சு."

அவர் சிரித்த சிரிப்பில் க்ரௌச் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

"அச்சடிங்க, தாராளமா அச்சடிங்க," என்றார் தர்ல்பி. "என் படத்தைவிட இதுல இளவரசர் இளவரசரா இருக்கார்."

அன்று மாலையே வலது மூலையில் என் பெயரை வெட்டவைத்தேன், முழுப்பெயராக.

பிறந்தநாளன்று நகரமெங்கும் கடை ஜன்னல்களில் டோர்காஸ் தொங்கினாள். அவளையே அழைத்துக்கொண்டு க்ரௌச்சின் கடை வாசலில் நின்றேன். ஒரு கிழவர் படத்தின் முன் தொப்பியைக் கழற்றினார். டோர்காஸ் தலையசைத்து அதை ஏற்றுக்கொண்டாள். ஆரவாரம் கேட்டது, அரண்மனை வண்டி மெதுவாக வந்தது. உள்ளே ஒரு பையன், முகமெல்லாம் புள்ளி, முன்பல் இரண்டைக் காணோம்.

"இதுவா? படத்துல எவ்ளோ லட்சணமா இருந்துச்சு!" என்றாள் பக்கத்தில் நின்ற மீன்காரி. ஏமாற்றிவிட்டார்கள் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

அப்போது வண்டிக்குள் இருந்த சீமாட்டி கடை ஜன்னலில் இருந்த எங்கள் படத்தைப் பார்த்தாள். உடனே விசிறியின் நுனியால் பையனின் முகவாயின் கீழ் தட்டினாள். அவன் பழக்கப்பட்டவன்போல முகத்தைத் தூக்கினான். யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்றை உயரத்தில் வெறித்தான்.

டோர்காஸ் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அவனுக்கு எங்க வெச்சிருக்காங்க பன்னு?"

வண்டி தெருமுனை திரும்பும்வரை அந்த முகவாய் இறங்கவில்லை.