கயித்தான் வழியின் மறுமொழி

ஆவணித் திங்களின் முற்பகல் வெயில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்புறத்தே விரிந்து கிடந்த பரவைக்கடலின்மேல் உருக்கிய வெள்ளியெனப் பரந்து, குருநகர்க் கரையில் உலர்ந்த வலைகளையும், நிரைநிரையாய்க் கட்டுண்டு கிடந்த தோணிகளையும், கோயில் உச்சிச் சிலுவையையும் ஒருங்கே ஒளியில் ஆழ்த்திற்று. தென்மேற்கினின்று வீசும் சோளகக் காற்று மணலை வாரி எறிந்து கொண்டிருந்தது. நீர் வற்றிய பருவமாதலின், கடற்புல்லாகிய சாதாழையின் படுகைகள் கரிய பாய்களைப்போல் ஆங்காங்கே தலைகாட்ட, அவற்றுக்கு அப்பால், இரண்டு கல் தொலைவில், கண்டற்றிட்டு என்னும் சிறுதீவு பசுங்கோடு இழுத்தாற்போல் தோன்றிற்று. அன்பரே, கண்ணுக்கு எட்டிய அத்தீவு அன்று காலுக்கு எட்டாது என்றே குருநகர் முழுதும் எண்ணியிருந்தது.

அத்தீவில்தான், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், எதிர்க்கரையினின்று ஒற்றைத் தோணியில் வந்த ஒன்பதின்மர் இறங்கி, நாவறண்டு, சிப்பியோட்டால் மணலை அகழ்ந்து, நன்னீர் கண்டு குடியமர்ந்தனர். அவர்தம் வழியினர் பின்னாளிற் குருநகரில் மிகப் பெருகினாராயினும், முன்னோர் கரைசேர்ந்த நாளில் ஆண்டுதோறும் அங்கே கூடி, ஒரே பானையிற் கூழ் காய்ச்சிப் பகிர்ந்துண்பர். உண்ணுமுன், தீவின் முதியவர் ஒன்பது பெயரையும் ஒவ்வொன்றாய் அழைப்பார். அவ்வவ் வழியினர் “வந்தோம்” என்பர். இரண்டாண்டு தொடர்ந்து மறுமொழி இல்லாத பெயர் மூன்றாம் ஆண்டு அழைக்கப்படாது. இஃது ஒன்பதின்மரே வகுத்த நெறி.

உலகப் பெரும்போர் நடந்த நாற்பத்துமூன்றாம் ஆண்டு அது. கடற்காவல் கருதி, மூன்று நாளைக்குத் தோணி எதுவும் கரைவிட்டு அகலலாகாதென ஆணை வந்திருந்தது. கூடும் நாளும் அம்மூன்றனுள் ஒன்றாய் அமைந்தது. ஏனையோர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோமென அமைந்தனர். மக்டலீனால் அமைய இயலவில்லை. ஐம்பத்தாறு அகவையினளும், கணவனை இழந்தவளும், மகப்பேறு இல்லாதவளும் ஆகிய அவளே, ஒன்பதின்மருள் ஒருவனாகிய கயித்தானின் வழியில் எஞ்சியிருந்த ஒரே உயிர். முந்திய ஆண்டு அவள் காய்ச்சலிற் கிடந்தமையால் அப்பெயர் மறுமொழியின்றிப் போயிருந்தது. இவ்வாண்டும் தவறின் அஃது இரண்டாம் ஆண்டாகும்.

தன் வழியின் பங்காகிய, உலர்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவைத் துணியில் முடிந்து தலையில் ஏற்றி, தோணி ஊன்றும் நெடுங்கோலைக் கையிற் பற்றி, அவள் நீரில் இறங்கக் கண்டு, வேறொரு வழியைச் சேர்ந்த சிற்றன்னை மகன் யாகோப்பு ஓடிவந்தான்.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? தோணி விடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டாங்களெல்லே!”

“தோணிதானே விடக்கூடாது. நடக்கக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவன் குரலைத் தாழ்த்தினான். “உங்களுக்குப் பிறகு கயித்தான்ரை பேருக்கு ஆர் இருக்கினம்? போனாலென்ன, போகாட்டிலென்ன?”

புண்ணிற் பட்ட உப்பெனச் சுட்டது அச்சொல். ஆயினும் அவள் முகம் திரும்பவில்லை.

“எனக்குப் பிறகு ஒருத்தருமில்லை, தம்பி, அது எனக்குத் தெரியும். நான் இருக்கேக்கை ஒருத்தருமில்லையெண்டு ஆரும் சொல்லக்கூடாது.”

முழங்காலளவு நீர் இடையளவாயிற்று. காலடியிற் சேறு உறிஞ்சி இழுக்க, திருக்கை கிடக்குமோவென ஒவ்வோரடியும் கோலால் தட்டி உணர்ந்து, காற்று ஒருபுறம் தள்ளத் தான் மறுபுறம் சாய்ந்து அவள் நடந்தாள். நடுவழியில், பெருந்தோணிகள் செல்லும் ஓடை குறுக்கிட்டது. ஆங்கு நீர் கழுத்தை எட்டிற்று. நீரோட்டம் காலைப் பறித்தது. ஒரு கணம் தலையும் மூழ்கிற்று. மாமுடிச்சு தலையினின்று ஒருபுறமும் கோல் கையினின்று மறுபுறமும் நழுவ, இரண்டில் ஒன்றையே பற்ற இயலும் என்ற நிலையில் அவள் கோலைப் பற்றினாள். மேலெழுந்து இருமி, மூச்சு வாங்கி நோக்குகையில், தன் கையாலேயே இடித்துத் தெள்ளிய மா முடிச்சவிழ்ந்து வெண்முகில்போற் கரைந்து போய்க்கொண்டிருந்தது. அதனைப் பார்த்து நிற்கவும் நீர் இடங்கொடுக்கவில்லை. கோலை ஆழ ஊன்றி உந்தினாள். ஓடையின் மறுகரை மணல் காலிற் பட்டது.

தீவின் முதியவர் அடைக்கலநாதன், அங்கே வாழ்ந்த நான்கைந்து குடும்பத்தாருடன், மரச்சிலுவையடியிற் பானையேற்றி நின்றவர், நீர் சொட்ட வந்தவளைக் கண்டு திகைத்தார்.

“மக்டலீன், நடந்தே வந்தனீ?”

“ஓம், அப்பு. மா தண்ணியோடை போட்டுது. ஆளைத்தான் கொண்டந்தனான்.”

“ஆள் வந்தால் காணும், பிள்ளை” என்றவர், அவள் உடை உலர்ந்து பானை நீரும் கொதிவரும் வேளையில், அவள் தோளுக்கு மேலாய்க் கடலைச் சுட்டினார். அவளும் திரும்பினாள். ஓடைக்கு இப்பால் தலைகள் தெரிந்தன. ஒருவர் இடுப்பை ஒருவர் கயிற்றாற் பிணித்து, பிள்ளைகளைத் தோளிலும் பானைகளைத் தலையிலும் சுமந்து, குருநகரார் நீண்டதொரு நிரையாய் வந்துகொண்டிருந்தனர். முன்னின்றவன் யாகோப்பு.

கரையேறியவன் அவள் முகத்தை நேரே பார்க்க நாணினான். “நீங்கள் ஓடையைக் கடந்ததைக் கண்டாப்பிறகு, அங்காலை நிக்க ஏலேல்லை, அக்கா.”

“வந்திட்டாயெல்லே. முதல்லை பிள்ளையளின்ரை தலையைத் துடை” என்றாள் அவள்.

பெயர்கள் அழைக்கப்பட்டன. எட்டுப் பெயருக்கும் பலர் குரல் எழுந்தது. ஒன்பதாவதாய்க் கயித்தானை அழைத்தபோது, ஒற்றைக் குரல், ஒருமையை ஏற்காது, பன்மையிலேயே ஒலித்தது: “வந்தோம்!”

அதன்பின் மூன்றாண்டு அவள் வந்து விடையிறுத்தாள். நாற்பத்தாறாம் ஆண்டு இறுதியில் நோயுற்று மறைந்தாள். தொடர்ந்து இரண்டாண்டு கயித்தானின் பெயர் அழைக்கப்பட்டது. கடலோசையன்றி ஏதும் கேட்டிலது. மூன்றாம் ஆண்டு, நெறிப்படி, அப்பெயரை விடுத்தனர். அவளுக்காக நெறியைத் தளர்த்துவோமென யாகோப்பு கேட்டபோது, அடைக்கலநாதன் தலையசைத்து மறுத்தார். அவளும் அதனை ஒப்பியிராள் என்பதை அவன் பின்னர் உணர்ந்தான். ஒரு குடியின் பெயர் முடிவுறுதல் இழுக்கன்று, அன்பரே. சொல்ல ஒரு வாய் இருக்கவும் சொல்லாது விடுதலே இழுக்கு. இன்று கண்டற்றிட்டில் அழைக்கப்படும் பெயர் எட்டே. எட்டாவதன் பின்னர் எவரும் உடனே கூழுக்குக் கைநீட்டுவதில்லை. ஒரு மூச்சுப்பொழுது, காற்றைக் கேட்டு நிற்பர்.