ஒப்பீட்டுக்கு வைத்த வார்டு

மேல் வார்டுக்கும் கீழ் வார்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று புள்ளிவிவரக்காரர் சொன்னபோது அவள் முதலில் சிரித்துவிட்டாள். மனிதருக்குத் தமாஷ் செய்யும் பழக்கமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், குழந்தைகள் எடை ஏறுவது, உடம்புச் சூடு குறையாமல் நிற்பது, வீட்டுக்குப் போவது எல்லாவற்றிலும் இரண்டு வார்டுகளும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருப்பதாகவும் சொன்னார். மறுநாள் காலையில் கண்காணிப்பாளர் முன்னால் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

அவள் அந்த மகப்பேறு மருத்துவமனையில் நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படிப்பவள். மூச்சுக்கு மூச்சு அதையே பேசியதால் ஆராய்ச்சி என்பதே அவள் பெயராகிவிட்டது. கான்டீன்காரர்கூட "ஆராய்ச்சிக்கு ஒரு டீ" என்றுதான் குரல் கொடுப்பார். அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவள் கேட்ட கேள்வி சின்னதுதான். மாதம் முடியாமல் பிறக்கிற குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக அணைத்து வைத்தால் நன்றாகத் தேறும் என்பது நர்ஸ் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் அறுவை முடிந்து எழுந்து உட்காரவே முடியாமல் கிடக்கிற தாயின் குழந்தை என்ன செய்யும்? சூடேற்றும் படுக்கையில் தன்னந்தனியாகக் கிடக்கும். அதைப் பெற்ற அப்பனோ வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பான். அந்த மனிதனை உள்ளே கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சில் குழந்தையை வைத்தால் என்ன குடி முழுகிவிடும்?

குடி முழுகும் என்றுதான் கண்காணிப்பாளர் நினைத்தார். ஆண்கள் உள்ளே வந்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் கிருமி சேரும் என்பது அவர் கட்சி. அவள் விடாமல் நச்சரித்ததில் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரு வருஷம் மேல் வார்டில் அப்பாக்களை விடலாம். கீழ் வார்டு பழையபடியே நடக்கும், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அளவுகோல். மேல் வார்டுக் குழந்தைகள் மேலாகத் தேறினால் இரண்டு வார்டுகளின் கதவும் திறக்கும், இல்லையென்றால் இரண்டும் மூடிக்கொள்ளும்.

அதனால் அவள் ஆராய்ச்சியை அப்பழுக்கில்லாமல் நடத்தினாள். தன்னைப் பார்த்துக் கீழே உள்ளவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் ஒப்பீடே கெட்டுப்போகும் என்று, வருஷம் முழுக்கக் கீழ் வார்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அங்கே எடை பார்ப்பதற்கு வேறோர் ஆளை ஏற்பாடு செய்தாள். மழை நாளில்கூடக் கட்டடத்தைச் சுற்றிப் போய் வெளிப் படிக்கட்டில் ஏறினாள். இவ்வளவு பத்தியம் காத்ததற்கு இதுதானா பலன் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

புள்ளிவிவரக்காரர் அழுகிறவர்களைப் பார்க்க மாட்டாதவர். பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, முந்தைய வருஷத்துக் கணக்கை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். மேல் வார்டு அவள் நம்பியது போலவே நன்றாக முன்னேறியிருக்கிறது, ஆனால் கீழ் வார்டும் அதே அளவுக்கு முன்னேறியிருப்பதுதான் தனக்குப் புரியவில்லை என்றார். அங்கே புது மருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். வரவில்லை. ஆட்கள் கூடினார்களா? கூடவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கீழ் வார்டின் தலைமை நர்ஸ் வேறு யாருமில்லை, அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்காதான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள். அண்ணிக்குத் தம்பி மனைவியின் படிப்பென்றாலே இளக்காரம். அதற்கு "சட்டை கழட்டுற ஆராய்ச்சி" என்று பெயர் வைத்து, வந்த விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவள். அப்படிப்பட்டவளின் வார்டில் என்ன அதிசயம் நடந்துவிட முடியும் என்று யோசித்துக்கொண்டே அவள் கீழே இறங்கினாள்.

மதிய நேரம். வார்டு சந்தடியில்லாமல் இருந்தது. கடைக்கோடியில், ஜன்னலோரமாக, இதற்கு முன் இல்லாத ஒரு பச்சைத் திரை தொங்கியது. அவளைக் கண்டதும் ஓர் இளம் நர்ஸ் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து, அந்தப் பக்கம் சுவர் பூசுகிறார்கள், போகாதீர்கள் என்றாள். சுவர் பூசுகிற இடத்திலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. அவள் திரையை விலக்கினாள்.

உள்ளே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தானைத் திறந்து போட்ட ஓர் ஆண்பிள்ளை, ஒவ்வொரு நெஞ்சிலும் துணியால் கட்டிய ஒரு சின்னத் தலை. லாரி ஓட்டுநரின் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான், அவன் கை மட்டும் தூங்காமல் குழந்தையின் முதுகைத் தாங்கியிருந்தது. மேல் வார்டில்கூட இத்தனை பேரை அவள் ஒன்றாகப் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கை கழுவினியா?"

கோபத்தில் தலை கொதித்தாலும் அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டுதான் வந்தாள். அந்தக் குரலுக்கு மருத்துவமனையில் யாரும் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. பிறகு துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"அண்ணி, இந்த வார்டு பழையபடியே இருக்கும்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

போட்டேன், இல்லை என்று யார் சொன்னது என்றாள் அண்ணி. கொஞ்சமும் கூச்சமில்லை. போர்வையை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் ஒரு குழந்தை சூடு நிற்காமல் சில்லிட்டுக்கொண்டே இருந்தது. தாய்க்கு அறுவை முடிந்து நினைவு திரும்பவில்லை. சூடேற்றும் படுக்கைகளில் ஒன்று பழுது, மற்றவற்றில் ஏற்கெனவே குழந்தைகள். வாசலில் அப்பன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போதுதான், மேல் வார்டில் ஓர் அப்பாவின் நெஞ்சில் வைத்ததும் குழந்தை எப்படிச் சூடேறி மூச்சு சீராகியது என்று இவள் சோற்றைக்கூட மறந்து கைகால் ஆட்டி விவரித்திருந்தாள். குழந்தையை எந்தப் பக்கம் சாய்ப்பது, துணியை எங்கே முடிச்சுப் போடுவது என்பது வரைக்கும் செய்து காட்டியிருந்தாள்.

"நீ சொன்னபடியே வச்சேன். பொழச்சிக்கிச்சு. அப்புறம் பக்கத்துப் படுக்கைக்காரன எப்படி வெளிய நில்லுன்னு சொல்றது?"

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இவள் கேட்டாள். சொன்னால் நீ நேர்மைக்காரி, மேலே போய்ச் சொல்வாய், மறுநாளே நிறுத்தச் சொல்வார்கள், அதனால்தான் எடை பார்க்க வருகிற ஆளையும் வாய் திறக்க விடவில்லை என்றாள் அண்ணி. அப்படியென்றால் என் ஆராய்ச்சி எப்படிப் போனாலும் பரவாயில்லையா என்று இவள் குரல் உயர்ந்தது. அண்ணி மடித்த போர்வையை அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"உன் ஆராய்ச்சி முடியட்டும், அதுவரைக்கும் குளிரப் பொறுத்துக்கோன்னு அந்தக் குழந்தைகிட்ட சொல்லணும்னா, நீயே வந்து சொல்லு. எனக்கு வாய் வரல."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷம் முழுக்க வெளிப் படிக்கட்டில் ஏறி இறங்கியவள், ரகசியத்தையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் தானே பரிமாறியிருக்கிறாள். ஒப்பீட்டைக் கெடுத்தவள் அவள்தான். அண்ணி மேல் வந்த கோபம் பாதியில் நின்று, தன் மேலேயே திரும்பியது. அதோடு, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஒரு சந்தோஷமும் வந்தது. தன்னைக் கேலி செய்துகொண்டே தன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் உலகத்தில் வேறு யாருமில்லை என்று தோன்றியது.

மாலையில் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவள் கணவன் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்ட மனிதன், சமாதானம் செய்வதே அவன் உத்தியோகம். அக்கா காதில் விழாமல் அவளிடம் ஒரு வழி சொன்னான். கீழ் வார்டை அப்படியே விட்டுவிடு. மேல் வார்டு போன வருஷத்தைவிட எவ்வளவு முன்னேறியது என்று மட்டும் சொல். அது பொய்யில்லை. கதவும் திறக்கும், பட்டமும் கிடைக்கும், அக்காவின் வேலைக்கும் ஆபத்தில்லை.

அந்த யோசனை இனித்தது. கொஞ்ச நேரம் அதை மனசுக்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டுகூட இருந்தாள். பாதியை மறைத்து ஒரு முடிவைச் சொன்னால், அதை நம்பி வேறெங்கோ இன்னொரு நர்ஸ் ஒரு குழந்தையைத் தூக்குவாள் என்ற நினைப்பு வந்ததும் இனிப்பு போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அண்ணி மாட்டிக்கொள்வாள், அதுவும் தெரிந்தது. அவள் வாய் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். தம்பி ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும்.

"எழுதறதுன்னா என் பேர முழுசா எழுது. அரைகுறையா எழுதினா அதுக்குத் தனியா திட்டுவேன்."

மறுநாள் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கண்காணிப்பாளர் கேட்கக் கேட்க முகம் சிவந்தார். உத்தரவை மீறியது யார் என்று அவர் கேட்பதற்கு முன்பே அண்ணி எழுந்து நின்றுகொண்டாள். அந்த அறையில் வியர்க்காதவள் அவள் ஒருத்திதான். கண்காணிப்பாளர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். போனது போகட்டும், இன்னொரு வருஷம் நடத்துங்கள். கீழ் வார்டு வாசலில் காவலாளைப் போடுகிறேன், ஒரு அப்பனும் நுழைய மாட்டான். உங்களுக்குச் சுத்தமான முடிவு கிடைக்கும், பட்டமும் கையில் வரும்.

எந்த ஆராய்ச்சியாளரும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு அது. புள்ளிவிவரக்காரர்கூடத் தலையாட்டினார். அவளுக்கும் ஆசை இருந்தது, இத்தனை வருஷப் பாடு அல்லவா. ஆனால் காவலாள் என்ற சொல்லைக் கேட்டதும், வாசலில் அவன் தடுத்து நிறுத்தப்போகிற மனிதர்களின் முகம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எது நல்லதுன்னு தெரியாத வரைக்கும்தான் சார், பாதிப் பேருக்குக் குடுத்து பாதிப் பேருக்குக் குடுக்காம இருக்கலாம். கீழ் வார்டுல தெரியாதவங்க இப்ப யாரும் இல்ல. எனக்கும் தெரியும். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்."

பக்கத்தில் அண்ணி நிமிர்ந்து பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. கண்காணிப்பாளர் மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு புள்ளிவிவரக்காரரிடம், கிருமித் தொற்று எவ்வளவு கூடியது என்று கேட்டார். எந்த வார்டிலும் கூடவில்லை என்று பதில் வந்தது. கேட்காமலேயே புள்ளிவிவரக்காரர் இன்னும் கொஞ்சம் சொன்னார். இது நிரூபணம் ஆகாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஆனால் என் பேரனாக இருந்தால் அவன் அப்பாவை உள்ளே விடச் சொல்வேன் என்றார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அண்ணிக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கிடைத்தது. கதவுகள் இரண்டு வார்டிலும் திறந்தே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பட்டம் எப்போது, எந்தத் தலைப்பில் என்பதெல்லாம் அந்தரத்தில் நின்றது. அதை நினைத்தால் அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. படியிறங்கும்போது அண்ணி எச்சரிக்கைத் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டே வந்தாள். பாதிப் படியில் நின்று, "நல்லா பேசின" என்றாள். பதினைந்து வருஷ உறவில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது.

கீழ் வார்டு வராந்தாவில் ஒரு புது ஆள் நின்றுகொண்டிருந்தான். விடிகாலையில் பிறந்த குழந்தையாம், தாய் இன்னும் கண் திறக்கவில்லையாம். அவன் கதவு மேல் இருந்த பழைய பலகையைக் காட்டி, ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று போட்டிருக்கிறதே, கண்ணாடி வழியாகவாவது பார்க்கலாமா என்று கேட்டான். அவள் எம்பிப் பலகையை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அது நேத்து வரைக்கும்ங்க. நீங்க உள்ள வாங்க."