டோக்கன் அக்கா

"அக்கா, நீங்க போகணும்னா யாருகிட்ட கேப்பீங்க?"

கேட்டவள் சட்டைக்குக் காஜா எடுக்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டோக்கன் அக்கா சிரித்து மழுப்பினாள். தையல் கூடத்தில் அறுபது பெண்கள். கழிவறைக்குப் போக இரண்டே டோக்கன்கள். ஐந்து வருடத்துக்கு முன் மேனேஜர் அவளிடம், "அடிக்கடி எழுந்து போறாங்க, நீ கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றதோடு சரி. மரத்துண்டில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்தது, வேளைக்கு ஒரு தடவைதான் என்று கறார் பண்ணியது, நேரமானால் பேர் சொல்லிக் கத்தியது எல்லாம் அவளுடைய சொந்தக் கைங்கரியம். பலனாக மிஷினிலிருந்து விடுதலை. தேய்ந்த முழங்காலுக்கு அது பெரிய வரம்.

அன்று மதியம் அந்தப் பெண் இரண்டாம் முறை வந்து நின்றாள்.

"இப்பத்தானேடி போன? உள்ள குழாய் ஏதாவது திறந்து கிடக்கா?"

கூடமே சிரித்தது. டோக்கன் கிடைக்காமல் அந்தப் பெண் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் அவள் முக்காலியை விட்டு எழவில்லை. கீழே தரை நனைந்திருந்தது.

டோக்கன் அக்கா துணியோடு வந்து மண்டியிட்டாள். முழங்கால் வலியில் உயிர் போனது.

"விடுங்கக்கா, நான் தொடைக்கறேன்."

"நான் பண்ணினது. நானே தொடைக்கறேன்."

துடைக்கும்போதுதான் உறைத்தது: இந்த ஐந்து வருடத்தில் வேலை நேரத்தில் அவளும் போனதில்லை. 'உனக்கு மட்டும் என்ன சலுகை' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று தண்ணீரே குடித்ததில்லை.

மறுநாள் காலை டோக்கன்களை மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

"என்னம்மா இது? இஷ்டத்துக்கு எழுந்து போனா வேலை என்னாகும்?"

"போறவங்க திரும்பி வந்து தைப்பாங்க சார்."

"அப்ப நீ மறுபடி மிஷின்ல உக்காரணும். முழங்கால் தாங்குமா?"

"அது என் முழங்கால். நான் பேசிக்கறேன் சார்."

காஜாப் பெண்ணுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரையும் மடமடவென்று குடித்தாள். பதினோரு மணிக்கு எழுந்து, கூடத்தின் நடுவே நொண்டியபடி நடந்து, வாசலில் நின்று திரும்பினாள்.

"யாராச்சும் வர்றீங்களாடி?"

முதலில் ஒரு முக்காலி நகர்ந்தது. பிறகு வரிசையாக.

மிஷின் சத்தம் அடங்கியதைக் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். ஈரக் கையை உதறிக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்தபடி பெண்கள் அவரைக் கடந்து உள்ளே போனார்கள். ஒருத்தியும் தலையைக் குனியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. வந்த வழியே திரும்பிப் போனார். அவர் செருப்பில் ஒட்டிய சிவப்பு நூல் பின்னாலேயே நீண்டுகொண்டு போனது.